யாருக்கு என்று ஒரு வரி

காக்ஸ் டவுனில் பிரிஸில்லாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்புகள் வாசிப்பது பதினாறு வருடமாக அவள்தான். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிழமை பாடற்குழு ஒத்திகை, கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கும் வெள்ளைக் கார் யாருடையது என்று எதைப் படித்தாலும் ஒவ்வொரு சொல்லும் அலசிப் பிழிந்து உதறிக் காயப்போட்ட துணி மாதிரி சுத்தமாக வந்து விழும். பிரசங்கத்தில் கண் அசந்தவர்கள்கூட அவள் மைக்கைத் தட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆயர் இதைப் பற்றி ஒருமுறை கொஞ்சம் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

குரலுக்கு அடுத்தபடி அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டியல். பட்டியல் போடாமல் அவளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று பட்டியல் தொங்கும். மகள் நோராவின் பல் டாக்டர் எந்தத் தேதி, கேஸ் எப்போது பதிவு செய்தது, கிறிஸ்துமஸ் குல்குல் பலகாரத்துக்கு யார் யார் மாவு உருட்ட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனார்கள் என்பதுவரை அதில் இருக்கும். முடிந்த வேலையை ஒரே கோட்டில் அடிப்பாள். கோடு கோணலாகப் போய்விட்டால் மனசு ஆறாது, ஸ்கேல் எடுத்து வந்து இன்னொரு கோடு போடுவாள். கணவன் டெஸ்மண்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவனே ஸ்கேலை அவ்வளவு தேடமாட்டான். "என் பேரு எந்த லிஸ்ட்லயாவது இருக்கா பிரிஸி, இல்ல அடிச்சுட்டியா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பான்.

பிழைப்பும் பட்டியல்தான். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில், அல்சூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மற்ற நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. இருபத்திரண்டு வயதில் பி.காமும் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவும் வைத்துக்கொண்டு டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள், இப்போது நாற்பத்தைந்து. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர், நகரத்தில் பன்னிரண்டு டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை. சிறுநீரகம் கைவிட்ட ஏழைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் மிஷினில் இரத்தம் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அந்த மையங்களின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அறுபது சர்வர்களில் ஓடியது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் சின்னச் சின்ன நிரல்கள் நாள் முழுக்க வேலை செய்யும். ஒன்று ரசீது அச்சடிக்கும், ஒன்று டாக்டர் கேட்ட ரிப்போர்ட்டைத் தேடித் தரும், ஒன்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும். அவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர். எது ஓடவேண்டும், எது நிற்கவேண்டும், கரண்ட் போய் வந்தால் எது தானாக எழுந்துகொள்ளவேண்டும் என்று கவனிப்பதற்குத்தான் பிரிஸில்லாவுக்குச் சம்பளம்.

முன்பெல்லாம் அறுபது சர்வரிலும் ஒவ்வொன்றாக நுழைந்து, அதே நாலு கட்டளையைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். திங்கட்கிழமை காலை அதற்கே சரியாகிவிடும். கையால் செய்ததில் ஓர் ஆத்மா இருந்தது என்று யாராவது அவளிடம் சொல்லிப் பார்க்கட்டும். "ஆத்மாவாம் ஆத்மா. மணிக்கட்டு வலிதான் இருந்துச்சு" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அதனால் ஆட்டோமேஷன் வந்தபோது அதை முதலில் வாரி எடுத்துக்கொண்டவள் அவள்தான். விஷயம் எளிது. எந்த சர்வரில் எந்த சர்வீஸ் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று ஒரே பட்டியலாக எழுதிவிட்டால் போதும். கருவி அதைப் படித்து அறுபது சர்வரையும் ஒரு சுற்று சுற்றி வரும். ஓடு என்று எழுதியிருப்பது நின்றுபோயிருந்தால் ஓடவைக்கும். நில் என்று எழுதியிருப்பது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடும். எல்லாம் எழுதினபடியே இருந்தால் திரையில் பச்சை வரி வரும். எதையாவது மாற்றவேண்டி வந்திருந்தால் மஞ்சள். அரை மணிக்கு ஒரு சுற்று. நடுவில் யார் கைவைத்து எதை மாற்றினாலும் அடுத்த சுற்றில் பட்டியல் சொன்னபடி ஆகிவிடும். மாமியார் இருக்கும் வீடு மாதிரி, கடைசி வார்த்தை பட்டியலுடையது. பட்டியல் பைத்தியத்துக்குக் கடவுளே பார்த்து அனுப்பிய கருவி இது என்று பக்கத்து நாற்காலி முகேஷ் சொல்வான். ஜோகுபாளையத்துக்காரன், பத்து வருடமாக அவளோடு வேலை செய்கிறவன், அவளைக் கிண்டல் செய்யும் உரிமையை எப்போதோ எடுத்துக்கொண்டவன். காலையில் வந்ததும் அறுபது பச்சை வரியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் டிபன் டப்பாவைத் திறப்பாள் என்பதும் அவன் கண்டுபிடிப்புதான்.

இப்போது ரயானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவனும் அதே அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவன். நாலு வருடம் முன்பு கனடா போய்விட்டான். போவதற்கு ரொம்ப முன்னால், அதாவது இன்றைக்கு எட்டரை வருடம் முன்னால், ஒருநாள் மத்தியானம் பிரிஸில்லாவிடம் வந்து, "அக்கா, உங்க சர்ச் வாய்ஸ் கொஞ்சம் வேணும்" என்றான். மீட்டிங் அறையில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, செல்ஃபோனை நீட்டி, ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான். 'வணக்கம். இன்று உங்களுக்கு டயாலிசிஸ் நாள். நேரத்துக்கு மையத்துக்கு வந்துவிடுங்கள். நன்றி.' அவ்வளவுதான். நன்றி சரியாக விழவில்லை என்று அவளே இரண்டாவது தடவை படித்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்னே ஒரு டெமோக்கா. டிரஸ்ட்காரங்களுக்குப் பிடிக்கலன்னா தூக்கிடுவேன்" என்றான். கன்னடத்துக்கு ரிசப்ஷன் பெண்ணையும் உருதுவுக்கு ஆபீஸ் டிரைவரையும் பிடித்தான். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தான். பஃப்ஸ் சூடாக இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. படித்தது என்ன என்பது ஒரு மாதத்தில் மறந்துபோயிற்று.

சென்ற வருடத்துக்கு முந்தின வருடம் செப்டம்பரில் பாதுகாப்புத் தணிக்கை வந்தது. சொந்தக்காரர் இல்லாத சர்வீஸ் எதுவும் எந்த சர்வரிலும் ஓடக்கூடாது என்று உத்தரவு. பிரிஸில்லா நூற்றுப்பதினாலு சர்வீஸைப் பட்டியல் எடுத்து, அலுவலகத்துக்கும் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கும் மெயில் போட்டாள். உங்களுடையது எது, இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள். நூற்றுப்பதிமூன்றுக்கு ஆள் வந்தது. ஒன்றே ஒன்று அநாதையாக நின்றது. அதன் பெயர் ரயான்-2. ரயான்-1 எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

திறந்து பார்த்தாள். காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறது, இருபது நிமிஷம் ஏதோ செய்கிறது, வெளியே எங்கோ எதையோ அனுப்புகிறது, தூங்கிவிடுகிறது. ரயான் எழுதினதில் விளக்கம் என்று ஒரு வரி இருந்தால் அது அதிசயம். வெளியே அனுப்புகிறது என்பதே தணிக்கைக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவனுடைய பழைய நம்பருக்குச் செய்தி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. இன்னும் இரண்டு நாள் தேடியிருக்கலாம். அதை அவள் இன்றைக்கும் மறைக்கமாட்டாள். ஆனால் நூற்றுப்பதிமூன்று அடித்தாயிற்று, ஒன்று மட்டும் அடிபடாமல் கிடக்கிறது என்றால் அந்தக் கைக்கு நமைச்சல் எடுக்காதா? ஒரு புதன்கிழமை பிற்பகல் பட்டியலில் ரயான்-2க்கு நேரே எழுதினாள்: நில், இனி எழாதே. கருவியை ஓடவிட்டாள். ஒரு மஞ்சள் வரி வந்தது. மறுபடி ஓட்டினாள். அறுபதும் பச்சை. கேன்டீனுக்குப் போய் ஒரு மசாலா டீ குடித்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை முழுக்க எல்லாம் பச்சையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலக ஃபோன் அடித்தது. முகேஷ் எடுத்து, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, முகம் மாறி அவளிடம் நீட்டினான். ஒரு டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் யூனிஸ் பேசினாள். பிரிஸில்லாவுக்கு அவளை ரசீது தகராறுகளில் பழக்கம்.

"மேடம், டெய்லி காலைல பேஷண்டுக்கு ஒரு ஃபோன் போகுமில்ல, இன்னைக்கு டயாலிசிஸ் நாள், வந்துருங்கன்னு? அது நேத்துலேர்ந்து போகல."

"எந்த ஃபோன் சிஸ்டர்?"

"அய்யோ, அந்த ரெக்கார்டு பண்ண ஃபோன் மேடம். படிக்கத் தெரியாதவங்க, கண்ணு தெரியாதவங்கல்லாம் அதை நம்பித்தான் வர்றாங்க. நேத்து அஞ்சு பேரு வரல. நாலு பேரை எப்டியோ புடிச்சு வரவழைச்சுட்டோம். ஒருத்தர் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். மதலைமுத்துன்னு பேரு, ஜீவனஹள்ளி. தனி ஆளு. ஒரே மக, பஹ்ரைன்ல இருக்கா. திங்கக்கிழமை வந்துட்டுப் போனவரு. இன்னைக்கு வெள்ளி. நாலு நாளா தண்ணி உடம்புக்குள்ளயே நிக்குது மேடம், நெஞ்சுல ஏறிச்சுன்னா மூச்சு அடைச்சுரும். ஆள் அனுப்பலாம்னா இங்க ரெண்டு பேரு லீவு."

பிரிஸில்லாவுக்கு ரயான்-2 ஞாபகம் வந்தது. ஆறரை மணி, இருபது நிமிஷம், வெளியே எங்கோ எதையோ. மெயில் போனதெல்லாம் கம்ப்யூட்டர் பிரிவுக்கு. நர்ஸுகளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"அட்ரஸ் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். காக்ஸ் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும் நடுவில் ஒரு ரோடுதான். காய்கறிக்கு அவள் போகிற இடம்.

ஆட்டோ அல்சூர் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முகேஷ் கூப்பிட்டான். "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. நான் சர்வருக்குள்ள போயி ரயான்-2ஐ ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஓடுது."

"கையாலயா பண்ணே?"

"ஆமா."

"டேய் முகேஷ், அரை மணில என் லிஸ்ட்டே அதை மறுபடி ஆஃப் பண்ணிரும்டா. நில்லுன்னு எழுதி வெச்சிருக்கேன். லிஸ்ட்டை மாத்து. ஓடு, கரண்ட் போயி வந்தாலும் எழுந்திருன்னு எழுது. எழுதிட்டு ஓட்டு. மஞ்சள் வந்தா எனக்கு மெசேஜ் போடு."

"ச்சே, மறந்துட்டேன்க்கா" என்றான் முகேஷ். மறந்தது அவன் தவறில்லை. ஒன்றை ஓடவைத்துவிட்டு, ஓடிவிட்டது என்று நம்பி எழுந்து போவது இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்வது. இருபது நிமிஷத்தில் மெசேஜ் வந்தது: மஞ்சள். வாழ்நாளில் அவள் ஒரு மஞ்சள் வரிக்கு ஸ்தோத்திரம் சொன்னது அன்றைக்குத்தான்.

ஜீவனஹள்ளியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. சிவப்பு பெயின்ட் அடித்த கதவு. பாதி திறந்துதான் இருந்தது. உள்ளே இருட்டு. அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "மதலைமுத்து ஐயா வீடுங்களா?" என்று கேட்டாள்.

கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், மூச்சை நடுவில் இழுத்து இழுத்து, ரொம்ப நாள் பழகினவர்களிடம் கோபித்துக்கொள்கிற மாதிரி கேட்டது.

"ஏம்மா, நேத்து இன்னாத்துக்குக் கூப்புடல?"

அவளுக்குப் புரியவில்லை. "நான் யாருன்னு தெரியுமாங்க?"

"யாருன்னு தெரியாது. கொரலு தெரியாதா? அஞ்சு வருஷமா, திங்கக்கெழமையும் வேயாக்கெழமையும், ஆறரை மணிக்கு. ஒரு நாள் தப்பல. நேத்து நீ கூப்புடல. என் பேரை எட்த்துட்டாங்களா?"

ஏ.சி. அணைத்த மீட்டிங் அறையும், துண்டுக் காகிதமும், சூடான பஃப்ஸும் அவளுக்கு அந்த வாசலில்தான் திரும்பி வந்தன. தான் நிறுத்தியது என்ன என்று இரண்டு வாரமாகத் தேடினாளே, அது அவள் தொண்டையிலேயே இருந்திருக்கிறது.

கண் பழகியதும் அவரைப் பார்த்தாள். அறுபத்துமூன்று வயதிருக்கும். டைல்ஸ் வேலை மேஸ்திரியாக இருந்தவர். சர்க்கரை முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு சிறுநீரகத்தை. வெளிச்சமும் நிழலுமாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். கட்டிலில் சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. ஆணியில் இஸ்திரி போட்ட ஒரு சட்டை தொங்கியது. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கே குளித்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிழமை அவருக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம்தான் மையத்தில் யாரோ, இலவச இடங்களைக் குறைக்கப் போகிறார்கள், சிலர் பேரை எடுத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று, ஃபோன் வரவில்லை. சரி, நம் பேரைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். கூப்பிடாத ஃபோனுக்குச் சார்ஜ் எதற்கு என்று அதையும் அணைத்து வைத்துவிட்டார். போய்க் கேட்கலாமே என்றால், வேண்டாம் என்று சொன்ன இடத்தில் போய் நிற்கிற ஆள் அவர் இல்லை.

"எடுக்கலண்ணே" என்றாள் பிரிஸில்லா. ஐயா எப்போது அண்ணனானார் என்று அவளுக்கே தெரியாது. "உங்க பேரு இருக்குது. நான்தான் ஃபோனை நிறுத்திட்டேன். இன்னான்னு தெரியாம நிறுத்திட்டேன். என் தப்பு."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "பேரு இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

"அப்போ அந்தச் சட்டையை எடும்மா."

ஆட்டோவில் அவர் படுக்க முடியாமல் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் அவர் முதுகில் கைவைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கர்த்தாவே, கர்த்தாவே என்று அவள் முணுமுணுக்க, டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஸ்வல்ப தடீரி அம்மா, கொஞ்சம் பொறுங்க, வந்துட்டோம்" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் தைரியம் சொன்னான். நடுவில் மதலைமுத்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டாள்.

"கொரலை வச்சி... ஒல்லியா இருப்பேன்னு... நெனச்சேன்."

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யூனிஸ் வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தாள். மிஷினில் சேர்த்துக் குழாய் மாட்டி முடிக்கிறவரை வாய் ஓயவில்லை. நான்கு மணி நேரம். பிரிஸில்லா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பிற்பாடு டெஸ்மண்ட் தேற்றினான். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தானே அடி, இங்கே வேறொருவர் அல்லவா விழப் பார்த்தார் என்று அவள் அதை ஏற்கவில்லை.

நான்கு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மதலைமுத்துவுக்கு மூச்சு சீராகியிருந்தது, ஓர் இட்லியும் உள்ளே போயிருந்தது. அதனால் பேச்சும் வந்திருந்தது.

"நீ கூப்புட்டுச் சொன்னதும் நான் டெய்லி பதில் சொல்வேனே, கேக்குமா?"

"இன்னா சொல்வீங்க?"

"நேரத்துக்கு வந்துடுங்க, நன்றின்னுவ. சரிம்மா வந்துர்றேன், சாப்ட்டியான்னு கேப்பேன். அதுக்குள்ள வச்சிடுவ. எப்பவும் அவசரம் உனக்கு."

அது பதிவு செய்த குரல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தாவது நாளே தெரிந்துவிட்டதாம். தெரிந்தால் என்ன, வீடு தேடி வந்து வா என்று கூப்பிடுகிற குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்றார். "வர்றேன்னு சொல்றதுக்கு ஒரு பட்டனாவது வைம்மா" என்று முடித்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். இது தனிமனிதத் தவறல்ல, நடைமுறையில் இருந்த இடைவெளி என்று மேனேஜர் நாசூக்காகச் சொல்லிக்கொண்டு போனார். பிரிஸில்லா கையைத் தூக்கி, "இடைவெளி இல்ல சார், நான்தான்" என்றாள். அறிவிப்பு வாசிக்கிற அதே குரல். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். பட்டியலில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் மேலே, கருவி படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கிற ஒரு குறிப்பு வரி இருக்கவேண்டும் என்றாள். என்ன செய்கிறது என்றா, என்று மேனேஜர் கேட்டார். இல்லை, யாருக்கு என்று. எந்தப் பிரிவுக்கு என்று எழுதினால் போதாதா? போதாது. ஓர் ஆளின் பேர் வேண்டும். பிரிவை நிறுத்தக் கை கூசாது என்றாள்.

அப்படித்தான் அந்தப் பட்டியலில் தமிழ் வரிகள் வந்தன. நூற்றுப்பதினாலுக்கும் அவளே மையம் மையமாகப் போய் விசாரித்து எழுதினாள். ரசீது சர்வீஸுக்கு மேலே, 'யூனிஸ் சிஸ்டர். இது நின்றால் மத்தியானச் சாப்பாடு சாப்பிடமாட்டார்.' ரிப்போர்ட் தேடும் சர்வீஸுக்கு மேலே ஒரு டாக்டர் பேர், அவருக்குப் பொறுமை கிடையாது என்ற எச்சரிக்கையோடு. முகேஷ் ஆரம்பத்தில் இதையும் விடவில்லை. "அக்கா, இது சர்வர் லிஸ்ட்டா, உங்க சர்ச் ஜெப லிஸ்ட்டா?" என்றான். ஒரு வாரம் கழித்து, அவன் எழுதிய புது சர்வீஸுக்கு மேலே கேட்காமலே ஒரு பேர் இருந்தது. ரயான்-2க்கு மேலே இருந்த வரி இது: 'மதலைமுத்து. ஜீவனஹள்ளி. திங்கள், வியாழன்.'

பட்டனும் வைத்தார்கள். பிரிஸில்லா மறுபடி ஏ.சி.யை அணைத்துவிட்டு மீட்டிங் அறையில் உட்கார்ந்து, 'வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்' என்று சேர்த்துப் படித்தாள். ஒன்றை அழுத்தினால் மிஷின் நன்றி சொல்லி வைத்துவிடும். இருபது நிமிஷத்துக்குள் அழுத்தாதவர்கள் பேர் ஒரு பட்டியலில் வந்து நிற்கும். அவர்களை மையத்திலிருந்து ஓர் ஆள் கூப்பிட்டு விசாரிக்கவேண்டும். மதலைமுத்துவின் பேர் வந்தால் மட்டும் தனக்குத் தெரியவேண்டும் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். திங்களும் வியாழனும் காலை ஆறரைக்கு சமையலறையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் அவள் ஃபோன் நிமிர்ந்து நிற்கும். முதல் திங்கட்கிழமை ஆறு முப்பத்தொன்றுக்கு அவர் பேருக்கு நேரே 1 என்று விழுந்தது. அறுபது பச்சை வரியும் அதற்குச் சமமாகாது என்று டெஸ்மண்டிடம் சொன்னாள். தோசை கருகிற்று.

முதல் வியாழக்கிழமை 1 விழவில்லை.

ஆறு ஐம்பது வரை பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். "சட்டை போட்டுட்டேன்மா, கெளம்பிட்டேன்." நல்லாயிருக்கீங்களா? நல்லாயிருக்கேன். சாப்ட்டீங்களா? ஆச்சு, நீ சாப்ட்டியா? இன்னும் இல்லண்ணே. மணி ஏழாவுது, இன்னும் சாப்டாம இன்னா பண்றே என்று அதட்டினார். பஹ்ரைன் மகள் ஆள் மூலம் பேரீச்சம்பழம் அனுப்பியதையும், தான் அதைத் தொடக்கூடாது என்று யூனிஸ் பிடுங்கிக்கொண்டதையும் சொன்னார். அடுத்த திங்கள் சரியாக 1 விழுந்தது. அடுத்த வியாழன் மறுபடி இல்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. மூன்றாவது தடவை அவள் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, உங்க ஃபோன்ல பட்டன் வேலை செய்யலையா?"

"திங்கக்கெழமை நல்லாத்தானே வேலை செய்யுது."

"அப்போ வேயாக்கெழமை?"

ஃபோனில் அவருக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டியில் கொத்தமல்லி விற்றுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"ஒண்ணை அமுத்துனா அந்தம்மா நன்றி சொல்லிட்டு வச்சிடுது" என்றார் மதலைமுத்து. "அமுத்தலன்னா நீ வர்ற."

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தப் பிப்ரவரியில் முகேஷ் காலை ஃபோன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அக்கா, ரயான்-2ல ஒரு ஃபால்ட் இருக்கு. ஒரே ஒரு நம்பர்ல மட்டும், வியாழக்கிழமை மட்டும் ஃபெயில் ஆவுது. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. யாருமே பாக்கல. சரி பண்ணிரட்டுமா?"

"வேணாம்" என்றாள் பிரிஸில்லா. "நான் பாத்துக்கறேன்."

அவன் போனதும் பட்டியலைத் திறந்து, மதலைமுத்து, ஜீவனஹள்ளி என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். கனடாவிலிருந்தோ காக்ஸ் டவுனிலிருந்தோ நாளைக்கு யார் வந்து அந்தப் பட்டியலைத் திறந்தாலும் இதைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

'வியாழக்கிழமை இவர் ஒன்றை அழுத்தமாட்டார். இது பிழை அல்ல. யாரும் சரிசெய்ய வேண்டாம்.'